மெலிந்துபோன மாமன் பெயர்

கோவர்த்தனன் மாமா மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தபடி, போன வாரம் நாம் புத்தூர் கல்யாண மண்டப வாசலில் நின்றிருந்தோம். புழுதி அடங்கிவிட்டது. தாட்சாயணியின் புலம்பல் இன்னும் அடங்கவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சில வார்த்தைகள். நகரிப் பக்கத்து விவசாயி வேணுவுக்கும் தாட்சாயணிக்கும் இரண்டு பெண்கள். மூத்தவள் கீர்த்திக்கும் திருப்பதி சுதீருக்கும் நாளை விடியலில் முகூர்த்தம். இளையவள் ஹரிதாவுக்கு எழுத்து வரைவதுதான் வேலை. கதை எழுதுகிறவள் அல்ல. அச்சில் வரும் எழுத்தின் உருவத்தை வரைகிறவள். திருப்பதியில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரே ஒரு 'க'வின் வளைவை நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பாள். இதற்கும் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவளுடைய நைனா வேணு இன்னும் முழுசாக நம்பவில்லை.

அவள் புதிதாக வரைந்து முடித்தது ஒரு குண்டு எழுத்து. பழைய டூரிங் டாக்கீஸ் போஸ்டரிலும் மாம்பழப் பெட்டியிலும் இருக்குமே, அந்த மாதிரி தடித்த கோடுகள். கோடு தரையைத் தொடுகிற இடத்திலெல்லாம் செங்கல்லை வைத்ததுபோல் சதுரமாக ஒரு பாதம். புத்தகத்துக்கு ஆகாது. போர்டுக்கும் பேனருக்கும்தான். ஓடுகிற பஸ்ஸில் இருந்தபடியே படித்துவிடலாம். அந்த எழுத்து முதன்முதலில் வெளியுலகத்தில் காலை வைத்தது அக்காவின் கல்யாண பேனரில்.

வைத்த கால் வழுக்கிவிட்டது.

பேனரில் எல்லாருடைய பெயர்களும் நன்றாகத் தின்று தூங்கி எழுந்தவர்களைப் போல் கொழுகொழுவென்று நின்றன. தாய்மாமன் கோவர்த்தனன் பெயர் மட்டும் ஒல்லிக்குச்சியாக இருந்தது. நாளைக்குக் கூடை தூக்க வேண்டிய மாமன்!

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் மணமேடைக்கு நடந்து வருவதில்லை. மூங்கில் கூடையில் உட்கார வைத்துத் தாய்மாமன் தூக்கி வருவார். மற்ற வீடுகளில் நாலு பேர் கை கொடுப்பார்கள். தாட்சாயணி பிறந்த வீட்டில் மட்டும் ஒற்றை மாமன் மாரோடு அணைத்துத் தூக்குவதுதான் வழக்கம். அதில் அவர்களுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அதெல்லாம் நேற்று. இன்று காலையில் ஹரிதா வீட்டில் அரைத்தூக்கத்தில் இருந்தாள். மலை முகட்டின் மேல் எழுத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. திருமலைக்கு நடக்கிறவர்களைப் போல அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றும் தன் சதுரப் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தது. அவற்றின் நிழல் நெல் வயல்களின்மேல் விழுந்து, மெல்ல நகர்ந்து போயிற்று. கடைசியாக வந்த ஒரு 'ன்' மட்டும் மூச்சு வாங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. அதைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மாவின் குரல் வந்துவிட்டது.

"ஏந்திரிடீ! ஒன் எழுத்தால என் தம்பி கோச்சிக்கினு போய்ட்டான். நீ தூங்கிக்கினு கீற!"

நைனா வேணு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு மச்சானிடம் போய்விட்டு, தட்டோடு அப்படியே திரும்பி வந்திருந்தார்.

"நைனா, மாமா இன்னா சொல்றாரு?" ஹரிதா எழுந்து வந்து கேட்டாள்.

"இன்னா சொல்றான்! 'பேர நோஞ்சானாக்கி ஊருக்குக் காட்ன எடத்துக்கு நான் இன்னாத்துக்கு வரணும்'னு கேக்கறான். அதுக்கு மேல வாயத் தொறக்கல. மாமரத்தையே பாத்துக்கினு கீறான்."

"நீ சமாதானம் சொல்லக் கூடாதா?"

"நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது? என் பேருதான் எரும மாட்டம் அகலமா படுத்துனு கீதே."

அந்த அகலமான பெயருக்குக் கீழே நின்று அவர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதை நாம் போன வாரமே பார்த்தோம். இப்போது அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம்.

தாட்சாயணி முந்தானையை இடுப்பில் செருகினாள். "கூடப் பொறந்தவன் ஒருத்தன். கல்யாணமே வாணாம்னு ஒண்டிக்கட்டையா நின்னு, என் பொண்ணுங்கள தன் பொண்ணுங்களாட்டம் வளத்தான். இன்னிக்கு ஒரு பேனருக்காகப் போய்ட்டான். சரி, போவட்டும். சாயந்தரம் பொண்ண அழைக்கறதுக்குள்ள வரலன்னா, எங்க பெரியப்பா மவன் ஹரிபாபுவ தூக்கச் சொல்லிடுவேன். அவனுக்கும் மாமன் மொறதான்."

உள்ளே மருதாணிக் கைகளை விரித்தபடி உட்கார்ந்திருந்த கீர்த்திக்கு அது கேட்டுவிட்டது.

"ஹரிபாபு மாமா தூக்கறதா இருந்தா நான் கூடையில ஒக்கார மாட்டேன். நடந்தே போய்டுவேன்."

அவளுக்கு அழுகை வந்தது. கையில் மருதாணி இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஹரிதா தன் துப்பட்டாவால் அக்காவின் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதக்கா. இட்டுக்கினு வரேன்."

"எப்டிடீ?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியாது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முதலில் புத்தூருக்குத்தான் போனாள். பேனர் அடித்த கடைக்காரன் சிரஞ்சீவி அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"நான் இன்னா பண்றது மேடம்? மத்த பேரெல்லாம் வரில அடங்கிச்சு. மாமா பேரு பெரிசு. ஒங்க எழுத்து ஒண்ணொண்ணும் சோபா செட்டு மாதிரி கீது. அடங்கல. ஓரத்தப் புடிச்சி உள்ள தள்ளனேன், அடங்கிச்சு. பர்வாலேது, பரவால்லன்னு பிரிண்ட் குடுத்துட்டேன்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாக் கடையிலும் செய்வதுதான். ஆனால் தடித்த எழுத்தை அப்படிப் பக்கவாட்டில் நசுக்கினால், நிற்கிற கோடுகளெல்லாம் நூலாகிவிடும். பாதத்தின் கனம் மட்டும் குறையாது. ஒல்லிக் காலில் யாருடையதோ பெரிய செருப்பை மாட்டிவிட்டதுபோல் இருக்கும். குறுகின இடத்துக்கென்று தனியாக எழுத்து வரைந்து வைத்திருக்க வேண்டியவள் ஹரிதா. அவள் வரையவில்லை. எல்லாப் பெயருக்கும் வேண்டிய இடம் கிடைத்துவிடும் என்று நினைத்துவிட்டாள்.

"சிரஞ்சீவி, அந்த மூலையில கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கலாமா?"

"ஒக்காருங்க மேடம். ஃபேன் போடறேன்."

மடியில் லேப்டாப்பை வைத்து வரைய ஆரம்பித்தாள். மை வாடை மிதந்தது. அச்சு இயந்திரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தறி மாதிரி போய்ப் போய் வந்தது. அந்தச் சத்தத்தில் கடை மெல்லக் கரைந்து, அவள் ஒரு மாந்தோப்பில் இருந்தாள். உயரம் மாமாவின் இடுப்பளவுதான். வெறுங்கால் மண்ணில் இல்லை, மாமாவின் பாதங்கள்மேல் இருந்தது. அவளை அப்படியே நிற்க வைத்து, கைகளைப் பிடித்துக்கொண்டு மாமா நடப்பார். அகலமான பாதம். மண்டியில் மாம்பழப் பெட்டி சுமந்து சுமந்து விரல்கள் விரிந்த பாதம். அதன்மேல் நின்றுவிட்டால் முள் குத்தாது, வெயில் சுடாது, விழவே மாட்டோம்.

ஹரிதா கண்ணைத் திறந்தாள். திரையில் ஒரு 'வ' முழுசாக வந்து நின்றிருந்தது. திருப்பதி அறையில் இந்த எழுத்துக்கு முதல் பாதத்தை வரைந்தபோதும் இதே தோப்புதான் கண்ணுக்குள் இருந்தது. யாராவது கேட்டால் பழைய போஸ்டரைப் பார்த்து வரைந்தேன் என்பாள். அது பாதி உண்மைதான்.

மதியம் தாண்டியபோது மாமனின் பெயர் மட்டும் தனித் துண்டாக அச்சாகி வந்தது. பேனரில் பழைய பெயரின்மேல் ஒட்டிவிடலாம். அதைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள்.

கோவர்த்தனன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே கோபம் ஞாபகத்துக்கு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாத்துக்கு வந்த?"

"ஒன் பேரக் கொண்ணாந்தேன் மாமா."

துண்டை மண்ணில் விரித்து மூலைக்கு ஒரு கல் வைத்தாள். மாவிலைகளின் நிழல் எழுத்துகளின்மேல் அசைந்தது. கோவர்த்தனன் கட்டிலை விட்டு இறங்கி, குந்தி உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு விரலால் 'ன'வின் பாதத்தைத் தொட்டார்.

"எடம் அதே எடம்தான?"

"அதேதான்."

"அப்போ எப்டி அடங்கிச்சு? நல்லா தடியாவும் கீது."

"நேத்து நசுக்கிட்டாங்க மாமா. இன்னிக்கு நானே வரஞ்சேன். கோட்டோட தடிப்புல கையே வெக்கல. எழுத்துக்கு உள்ள கீற வெள்ளையத்தான் கொறச்சேன். பாதத்துக்கு மட்டும் எடம் பத்தல. பக்கத்து எழுத்தோட பாதத்துல சேத்துட்டேன். இப்ப எல்லாம் ஒண்ண ஒண்ணு தாங்கிக்கினு நிக்குது."

அவர் தலையை ஆட்டினார். "நல்லாதான் கீது."

"அப்ப கெளம்பு."

"நான் வர்ல."

ஹரிதாவுக்குப் புரியவில்லை. பெயர் சரியாகிவிட்டது. அவர் வாயாலேயே நல்லா இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். இனி என்ன கோபம்? எதைச் சொல்வதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். அப்போதுதான் மரத்தடியில் இருந்த கூடை கண்ணில் பட்டது.

கல்யாணக் கூடை அளவுக்குப் பெரிய மூங்கில் கூடை. உள்ளே ஒரு தவிட்டு மூட்டை, பாதி நிரம்பியது. கூடைக்குப் பின்னால் மண்ணில் இழுத்த தடம் நீளமாகக் கிடந்தது. தூக்கிக்கொண்டு போன கூடை மண்ணில் தடம் போடாது.

அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வெயிலில், ஒரு சட்டைக்குள் இன்னொரு சட்டை. பழைய செருப்புக்குள் அவருடைய பாதம் இப்போது தளர்வாகக் கிடந்தது.

"கூடையத் தூக்கிப் பாத்தியா மாமா?"

மேலே ஒரு குயில் கூவி நிறுத்தியது.

"மாமா!"

"மண்டில ரெண்டாளு சொமைய ஒண்டியா தூக்கனவன்டீ நானு." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மலையத் தூக்கனவன் பேர வெச்சிக்கினு கீறேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. பாதி மூட்டதான் வெச்சேன். முட்டி வரைக்கும் வந்திச்சு. அப்பறம் கை தானா வுட்டுட்சி. அதுல கீர்த்தி ஒக்காந்துக்கினு இருந்தா இன்னா ஆயிருக்கும்?"

ஹரிதா அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அப்போ பேனருமேல கோவமே இல்லியா?"

"பாத்ததும் சந்தோசம்தான் வந்திச்சு. வராம இருக்க ஒரு சாக்கு கெடச்சிதேன்னு. அடுத்த நொடியே வயிறு எரிஞ்சிச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ரெண்டு சொக்கா போட்டுக்கினு சுத்தறேன். ஒன் எழுத்து ஊருக்கே சொல்லிட்சேன்னு."

அழுதுவிடுவோம் என்று பயந்து எதையோ பேசினாள்.

"கையில ஒரு கட்டு போட்டுக்கயேன். எலும்பு முறிஞ்சிச்சுன்னு சொன்னா யாரு தூக்கச் சொல்லுவாங்க?"

"நல்ல யோசன! புத்தூர்ல நின்னுக்கினு பொய்க்கட்டு போடச் சொல்றியா? ஊர் முழுக்க எலும்பு கட்றவனுங்க. தூரத்துல பாத்தே இது பொய்க்கட்டுன்னு சொல்லிடுவானுங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு முடிவதற்குள் ஹரிதாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னா ஆச்சு மாமா ஒனக்கு? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"கல்யாணம் முடியட்டும். ஒங்கம்மாகிட்ட மூச்சு வுடாத. எனக்கு சத்தியம் பண்ணு."

பண்ணிக்கொடுத்தாள். வேறு வழி தெரியவில்லை. பிறகு சொன்னாள்: "அக்காவுக்கு வேண்டியது நீ மாமா. ஒன் பலம் இல்ல. நீ வரலன்னா நடந்தே போய்டுவேன்னு அழுதுக்கினு கீறா. முன்னாடி நீ புடி. பின்னாடி நாங்க யாராவது புடிக்கறோம்."

"ஒத்த மாமன் தூக்கற வூடுடீ நம்பளது."

"என் எழுத்துகூட நேத்து வரைக்கும் ஒத்தையாத்தான் நின்னுச்சு."

அவர் மறுபடியும் அந்தத் துண்டைப் பார்த்தார். ஹரிதா மெல்லக் கேட்டாள்: "அந்தப் பாதம் யாருதுன்னு தெரிதா?"

"யாருது?"

"சின்னதுல ஒன் காலுமேல நின்னுக்கினு நடப்பேனே. அந்தக் காலு."

கோவர்த்தனன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். விரல்களை ஒருமுறை விரித்துப் பார்த்தார். பிறகு நழுவிக் கிடந்த செருப்பை இழுத்துச் சரியாக மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"வண்டிய எடு."

மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது மாலை வெளிச்சம் பொன்னாக இருந்தது. சீரியல் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. சிரஞ்சீவி ஏணியைப் போட்டு மாமனின் புதுப் பெயரை ஒட்டினான். காற்றில் பேனர் உப்பி அசைந்தபோது, அண்ணாந்து பார்த்த ஹரிதாவுக்கு எல்லா எழுத்துகளும் ஒன்றாக மூச்சுவிடுவதுபோல் தோன்றியது. பாறைமேல் உட்கார்ந்துவிட்ட அந்த 'ன்' இப்போது வரிசையோடு நின்றது.

ஆனால் வாசலில் இன்னொன்றும் காத்திருந்தது. புதுப் பட்டு வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை, கையில் கல்யாணக் கூடை. ஹரிபாபு! தூக்கித் தூக்கி இறக்கி, சுற்றி நின்ற பெண்களுக்குப் பலம் காட்டிக்கொண்டிருந்தார். கோவர்த்தனன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

தாட்சாயணி படியிறங்கி வந்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த வசவு அத்தனையும் அவள் நுனிநாக்கில் இருந்தது.

"வந்துட்டாரு பெரிய மனுசன்! எழுத்து ஒல்லியாப் போச்சாம், இவுரு கோச்சிக்குவாராம்..."

சின்ன வயசில் உலுக்குவாளே, அதேபோலத் தம்பியின் இரண்டு தோள்களையும் பிடித்தாள். பேச்சு நின்றது. இரண்டு சட்டைகளுக்குள்ளே அவள் விரல்களுக்கு எலும்புதான் கிடைத்தது.

வாசலிலிருந்து ஹரிபாபு கூப்பிட்டார். "அக்கா, நேரமாவுது. பொண்ண வெச்சி ஒருவாட்டி தூக்கிப் பாத்துடட்டுமா?"

தாட்சாயணி திரும்பவில்லை. "நீ போய்த் துன்னு ஹரிபாபு. கூடைய என் தம்பிதான் தூக்குவான்."

கோவர்த்தனன் ஹரிதாவைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அம்மாவிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஹரிபாபு கூடையை நங்கென்று கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் முகம் போன போக்கு நன்றாக இல்லை.

"அக்கா, என்னால ஒண்டியா..."

"ஒண்டியா தூக்குன்னு நான் சொன்னனா? முன்னாடி நீ புடி. பின்னாடி நான் கீறேன்." குரலைத் தாழ்த்தினாள். "எப்பலேந்துடா ரெண்டு சொக்கா?"

அவர் தலையைத் தூக்கித் தன் பெயரைப் பார்த்தார்.

"முகூர்த்தம் முடியட்டும்க்கா. சொல்றேன்."

உள்ளே மேளக்காரர்கள் சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையில் திரும்பியது. தாட்சாயணி தம்பியின் தோளிலிருந்து கையை எடுத்தாள். திறந்து கிடந்த மேல்சட்டையின் கழுத்துப் பொத்தானை, உள்சட்டை வெளியே தெரியாதபடி அவளே போட்டுவிட்டாள்.